சான்றிதழ் மூச்சு ஊதாது

குழந்தை என்பது உருவில் சிறுத்த பெரியவர் அன்று. மருத்துவ நூல்கள் பலகாலும் கூறிவரும் இவ்வுண்மையை நம் முதலுதவிப் பயிற்சிகள் ஏட்டில் ஏற்று, நடைமுறையில் மறந்துவிடுகின்றன. இதுவே என் குற்றச்சாட்டு.

வளர்ந்தோரிடம் பெரும்பாலும் இதயமே முதலில் நிற்கிறது. குழந்தையிடமோ பெரும்பாலும் மூச்சே முதலில் தடைபடுகிறது. நீரில் மூழ்குதல், தொண்டையடைப்பு, நுரையீரல் நோய் ஆகியவற்றால் உயிர்வளி குன்றிய பின்னரே இதயம் ஓய்கிறது. ஆதலின் மார்பை அழுத்துவது மட்டும் போதாது, மூச்சூட்டலும் இன்றியமையாதது. தனியொருவர் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சும், பயிற்சி பெற்ற இருவர் 15 அழுத்தங்களுக்கு 2 மூச்சும் தருதல் வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஆழம் மார்பின் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தையின் தொண்டை அடைத்தால் முதுகில் 5 தட்டு, மார்பில் 5 அழுத்தம், வயிற்றை அழுத்தலாகாது.

இவற்றை அறிந்திருக்க வேண்டியோர் யாவர்? முன்னாளில் மலாக்காத் தோட்டங்களில் பால்வெட்டுக்குச் சென்ற தாயர் தம் மதலைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். நோயென்றால் தோட்டத்து டிரசரே தெய்வம். அத்தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவுசெய்ய 1965இல் சட்டம் வந்தது. துணைச் சுகாதாரத் தொழிலர்க்கென 2016இல் தனிச்சட்டம் பிறந்தது. லயங்கள் மறைந்து, குடியிருப்புகளும் பல்கலைக்கழகமும் எழுந்துள்ள புக்கிட் பெருவாங்கில் இன்று குழந்தைக் காப்பகப் பணிப்பெண்ணும், மருந்தக உதவியாளரும், உடற்பயிற்சி மருத்துவரும் அவ்விடத்தில் நிற்கின்றனர். முதலில் நீளவேண்டிய கை அவர்களுடையதே.

"999ஐ அழைத்தால் வண்டி வருமே" என்பர். வரும். ஆயின் உயிர்வளியற்ற மூளை சில நிமிடங்களிலேயே கெடத் தொடங்கும். வண்டி வரும்வரை அக்குழந்தைக்கு மூச்சு எங்கிருந்து வரும்?

"பயிற்சிதான் பெற்றுவிட்டோமே" என்பர் வேறு சிலர். அத்தகைய பயிலரங்கொன்றில் நானும் அமர்ந்திருந்தேன். நாற்பது பேருக்கு ஒரே பொம்மை. அதுவும் பெரியவர் உருவம். மாலையில் அனைவருக்கும் சான்றிதழ்! நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலர் லேர்டால் 1960இல் பயிற்சிப் பொம்மையை ஆக்கித் தந்தது பார்ப்பதற்கா, தொட்டுப் பழகுவதற்கா? பழகாத திறன் சில திங்களிலேயே மங்குகிறது என்பது ஆய்வுகள் கண்ட முடிவு. வாய்பாட்டை ஒருமுறை ஒப்பித்த மாணவனை ஈராண்டு கழித்துக் கேட்கும் ஆசிரியர் எவரேனும் உளரோ? சில திங்களுக்கொருமுறை, பணியிடத்திலேயே, குழந்தைப் பொம்மையைக் கொண்டு, சிறிது நேரமேனும் பழக்குதல் வேண்டும். சுவரில் தொங்கும் சான்றிதழ் மூச்சு ஊதாது.

இனி நம் பங்கு. தமிழ் மட்டுமே நன்கறிந்த ஆயாவுக்குப் பிறமொழியில் பாடம் நடத்தித் தலையசைப்பைத் தேர்ச்சியெனக் கொள்வது அறமாகுமா? எளிய தமிழில், படங்களுடன், ஒரு கையேடு எழுதித் தருவது மருத்துவர் கடன் மட்டுமன்று. தமிழாசிரியராகிய நம் கடனுமாகும். மொழியை வாழவைப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அம்மொழி ஓர் உயிரை வாழவைக்கும் வாய்ப்பு வந்துள்ளது. மாணவ மணிகளே, முழங்கியது போதும், எழுதுகோலை எடுங்கள்!