தலைக்கணக்கும் மின்கணக்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு எனத் தரைவழியே தொடர்ந்து வரும் பொது மின்வலை குறிகட்டுவான் கரையோடு நின்றுவிடுகிறது. எதிரே தெரியும் நயினாதீவுக்கோ, ஒரு மணி நேரக் கடலோட்டத்திற்கு அப்பாலுள்ள நெடுந்தீவுக்கோ அது செல்வதில்லை. அங்கெல்லாம் நெடுங்காலம் விளக்கெரிந்தது கடல் கடந்து சென்ற டீசலினால்.

இக்குறையைத் தீர்க்க எழுந்த திட்டத்தின் வரலாறு விசித்திரமானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்குமான கலப்பு மின்திட்டத்தை ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் ஒரு சீன நிறுவனத்திடம் ஒப்படைக்க 2021 சனவரியில் அமைச்சரவை இசைந்தது. இந்தியா மறுப்புத் தெரிவித்தது. அவ்வாண்டின் முடிவிற்குள் வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்பாடு ஏற்பட, 2024 மார்ச் முதலாந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இந்தியா நன்கொடையாக அளிக்க இசைந்த தொகை ஒரு கோடியே பத்து இலட்சம் அமெரிக்க டொலர். இத்தனை காலமும் இரு வல்லரசுகளின் பெயர்கள் அச்சேறிய அளவுக்கு அனலைதீவின் பெயர் அச்சேறியதா என்பது வேறு கேள்வி.

திட்டத்தின் அளவு இது: சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று, சேமித்து வைக்க 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலங்கள், துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரம்.

சனங்கள் குறைந்துவரும் தீவுகளுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்போர் உளர். வளர்கின்ற பட்டினத்தில் மக்கள் பெருகுவர். மின்சாரம் அவர்களைப் பின்தொடர்ந்து செல்லும். அந்தக் கணக்கைத் தீவகத்திற்குப் பொருத்துவது பிழை என்பதே என் துணிபு. 1990களின் போர் இங்கிருந்த ஊர்களை வெறுமையாக்கியது. எஞ்சிய தலைகளை மட்டும் எண்ணி மின்சாரம் அளந்தால், எஞ்சியவர்களும் புறப்படுவர். பிடித்த மீனைக் காக்கப் பனிக்கட்டி வேண்டும். உவர்நீரைக் குடிநீராக்க இயந்திரம் வேண்டும். மாணவனுக்கு இரவில் வெளிச்சம் வேண்டும். இவை கிடைத்த பின்னரே திரும்புவதா, தங்குவதா என்று ஒரு குடும்பம் சிந்திக்கும். மேலும், ஆனி மாதத்தில் நாகபூஷணி அம்மன் மகோற்சவத்திற்குத் திரளும் அடியார்களையும், நாகதீப விகாரைக்கு வரும் யாத்திரிகர்களையும் எந்தத் தலைக்கணக்கில் சேர்ப்பது?

டீசலே போதும் என்பாருக்குச் சுன்னாகத்தை நினைவூட்டலாம். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனமொன்று இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் பணித்தது. அதே சுண்ணக்கல் நிலந்தான் தீவுகளிலும்; நன்னீர் அதைவிட அரிது.

ஆயினும் ஒரு கவலை எனக்குண்டு. உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்னும். மின்கலங்களும் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். சோளகம் வீசும்போது காற்றாலை நன்றாகச் சுழலும். ஆனால் அது மிஞ்சி வீசும் நாளிற் குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படாது. அன்று பழுது ஏற்பட்டால், கரையிலே நிற்கும் நிபுணரால் ஆவதொன்றுமில்லை. நெடுந்தீவிலே பிறந்து, அத்தொழிலை முறையாகக் கற்று, நெடுந்தீவிலேயே சம்பளம் பெறும் இரண்டு பேராவது அங்கே இருக்கவேண்டும்.