சில்லுத் தொழிலும் நமது என்ஜினீயர்களும்

செமிகண்டக்டர் தொழிலை இத்தேசத்தில் ஸ்தாபிக்க வேண்டுமென்று சர்க்கார் முனைந்திருப்பதை யாவரும் அறிவர். 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இதற்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. 2024-ம் வருஷம் பிப்ரவரியில், குஜராத்தைச் சேர்ந்த தோலேராவில் டாடா கம்பெனியார் தைவானின் பவர்சிப் கம்பெனியுடன் சேர்ந்து 91,000 கோடி ரூபாய்ச் செலவில் நிறுவும் ஆலைக்கு மந்திரிசபை அனுமதி அளித்தது. பணத்தைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசாதவர் இல்லை. ஆனால், அத்தகைய ஆலையில் நின்று வேலை செய்ய வேண்டிய என்ஜினீயரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவர் வேலை எத்தகையது என்று அறியாமல் இத்தொழிலின் எதிர்காலத்தைக் கணிப்பது, உழவனைப் பாராமல் விளைச்சலைக் கணிப்பதை ஒக்கும்.

இத்தொழிலில் என்ஜினீயர்கள் பெரும்பாலும் இரு வகையினர். சில்லை வரைந்து அமைப்போர் ஒரு வகையினர். அதை ஆலையில் செய்து முடிப்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினருக்கு நம்மிடம் குறைவில்லை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி 1985-ம் வருஷத்திலேயே பெங்களூரில் தனது நிலையத்தைத் திறந்தது. பிறகு இன்டெல், குவால்காம் முதலிய கம்பெனிகளும் வந்து சேர்ந்தன. உலகத்தில் சில்லு வரையும் என்ஜினீயர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்று சர்க்காரே கூறி வருகிறது.

இவர்கள் செய்யும் வேலை இலேசானதன்று. இன்றைய சில்லுகள் சிலவற்றில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டிரான்ஸிஸ்டர்கள் அடங்கியுள்ளன. தனி என்ஜினீயர் ஒருவரின் பொறுப்பில் வருவது அதில் ஒரு சிறு மூலையே. கம்ப்யூட்டர் புரோகிராமில் பிழை இருந்தால் மறுநாள் திருத்தி அனுப்பிவிடலாம். சிலிக்கனில் பதிந்த பிழையோ எளிதில் நீங்காது. 1994-ம் வருஷத்தில் இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளில் தவறு செய்வது தெரியவந்தது. அச்சில்லுகளை மாற்றிக் கொடுக்கும் வகையில் அக்கம்பெனி 47 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டக் கணக்கு எழுத நேர்ந்தது. ஆகவேதான், வரைவதற்கு ஆகும் காலத்தைக் காட்டிலும் வரைந்ததைச் சோதிப்பதற்கு ஆகும் காலம் அதிகம். வரைபடத்தை ஆலைக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கினால் இரவு பகல் பாராமல் உழைக்கிறார்கள். சம்பளம் நல்ல சம்பளமே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முடிந்த சில்லும், அதன் பேரும், அதன் உரிமையும் அயல்நாட்டுக் கம்பெனிக்கே போய்ச் சேருகின்றன.

இரண்டாவது வகையினரே நமக்கு அரியவர். ஆலையில் வேலை செய்பவர் தலை முதல் கால் வரை அங்கியால் மூடிக்கொள்ள வேண்டும். அவர் உடலிலிருந்து உதிரும் துகள் ஒன்றே சில்லைக் கெடுக்கப் போதுமானது. படம் பதிக்கும் கூடத்தில் மஞ்சள் விளக்கே எரியும். வெள்ளை ஒளி பட்டால் சிலிக்கன் தகட்டின் மேல் பூசிய பொருள் கெட்டுவிடும். தகடு ஒன்று நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து வெளிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். முடிவில் நூற்றுக்கு எத்தனை சில்லுகள் பழுதற்றவை என்பதே கேள்வி. அத்தொகை குறைந்தால், எந்தப் படியில் எந்த யந்திரம் பிழை செய்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது என்ஜினீயரின் கடமை. ஆலை இரவிலும் நிற்காது. ஆகவே அவர் தேடலுக்கும் இரவென்றும் பகலென்றும் இல்லை. இந்த ஞானம் புஸ்தகத்திலிருந்து மட்டும் வருவதன்று. பல வருஷங்கள் யந்திரத்தின் அருகில் நின்று பழகியவருக்கே வரும்.

தைவான் இதை முன்பே உணர்ந்தது. 1976-ம் வருஷத்தில் அத்தேசத்துத் தொழில் ஆராய்ச்சி நிலையம், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, இளம் என்ஜினீயர்களை அங்கே அனுப்பிப் பழக்கிற்று. அவர்கள் திரும்பி வந்து நடத்திய சிறு ஆலை, பழுதற்ற சில்லுகளின் விகிதத்தில் கற்றுக் கொடுத்த கம்பெனியையே மிஞ்சியது. அந்நிலையத்திலிருந்தே 1980-ல் யு.எம்.சி. கம்பெனியும், 1987-ல் மாரிஸ் சாங்கின் தலைமையில் டி.எஸ்.எம்.சி. கம்பெனியும் தோன்றின. அந்தச் சாங்கும் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் 25 வருஷங்கள் உழைத்துத் தொழிலைக் கற்றவரே.

நாமும் அக்காலத்தில் வாளா இருக்கவில்லை. மொஹாலியில் சர்க்கார் நிறுவிய ஆலை 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிற்று. 1989-ல் பெருந்தீ அதை அழித்தது. மறுபடி நடப்பதற்குப் பல வருஷங்கள் சென்றன. எரிந்த யந்திரங்களுக்கு ஈடு வாங்கலாம். ஆனால் ஆலை நின்ற காலமெல்லாம் கைப்பழக்கமும் நின்றதே, அதற்கு ஈடு ஏது?

நமது வாலிபர்கள் ஆலையை விரும்புவதில்லை, நாற்காலி வேலையையே நாடுகிறார்கள் என்று சிலர் குறை கூறுகின்றனர். இது நியாயமன்று. இரவு முறையில் கண்விழிப்பவனுக்கு, மேஜையின் முன் இருப்பவனுக்குக் கிடைக்கும் ஊதியமும் மதிப்பும் கிடைக்காவிடில், அவன் ஏன் ஆலைக்குப் போக வேண்டும்? தைவானைப் பின்பற்றுவதென்றால் அதன் குறைகளையும் பின்பற்ற வேண்டுமென்பதில்லை. 2014-ம் வருஷத்தில் டி.எஸ்.எம்.சி. தன் ஆராய்ச்சி என்ஜினீயர்களையே மூன்று முறையாகப் பிரித்து இரவு பகலாக வேலை வாங்கத் திட்டமிட்டது. மனிதனுடைய உறக்கத்தைச் செலவிட்டுப் பெறும் வெற்றியை நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

தோலேரா ஆலையின் திட்டச் செலவில் பாதியை மத்திய சர்க்கார் ஏற்கிறது. அது ஜனங்களின் பணம். ஆகையால் சில நிபந்தனைகளைக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. வருஷந்தோறும் எத்தனை இந்திய என்ஜினீயர்கள் எந்தெந்தப் படிகளில் பழக்கப்பட்டனர் என்ற கணக்கைச் சர்க்கார் வெளியிட வேண்டும். இரவு முறையில் உழைப்போருக்குத் தக்க ஊதியமும் ஓய்வும் சட்டத்தால் உறுதி செய்யப்பட வேண்டும். மாணவர் வரைந்த சில்லுகளை மொஹாலியில் செய்து கொடுக்கும் ஏற்பாடு இப்பொழுதே இருக்கிறது. அதை எல்லா என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கும் விரிவாக்க வேண்டும். இவை செய்யப்படாவிட்டால் ஆலை நம் மண்ணில் நிற்கும். தொழில் அயலார் கையிலேயே இருக்கும். அடுத்த ஆலைக்குப் பணம் ஒதுக்கப்படுமுன் இந்நிபந்தனைகளைச் சட்டசபையிலும் பொதுமேடையிலும் வற்புறுத்துவது தேசத் தொண்டர்களின் கடமையாகும்.