கேட்டுச் சாப்பிடுவது வெட்கமா?

வெளிநாட்டுப் பிரயாணம் என்பது இன்று நம்மவர்களுக்குப் புதிய விஷயமல்ல. ஒரு காலத்தில் நம் பெரியவர்களில் அநேகர் ஹஜ்ஜுக்காக மாத்திரமே கடல் கடந்தார்கள். இன்றோ மகன் தொழில் செய்யும் நாட்டுக்கும், மகள் படிக்கும் நாட்டுக்கும், விடுமுறையைக் கழிக்க உல்லாசப் பயண நகரங்களுக்கும் குடும்பத்தோடு போய் வருகிறோம். விசா, டிக்கட், ஹோட்டல் அறை, குளிருக்கு உடுப்பு என்று எல்லாவற்றையும் மாதக் கணக்கில் திட்டமிடுகிறோம். ஆனால், போகும் ஊரில் எதைச் சாப்பிடப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பசியோடு உட்கார்ந்த பிறகு எடுக்கும் முடிவு பெரும்பாலும் நாக்கு எடுக்கும் முடிவாகவே இருந்து விடுகிறது!

அதிலும் நம்மவர்களை மிகவும் இழுப்பது ‘ஸ்டேக்’ கடைகள்தாம். தடித்த துண்டாக வெட்டிய மாட்டிறைச்சியை உப்புத் தூவித் தணலில் வாட்டித் தருவதே ஸ்டேக். மாட்டிறைச்சி நமக்கு விருப்பமான சாப்பாடு. ‘பன்றிதானே ஹராம், இது மாடுதானே’ என்ற எண்ணம் வேறு மனதுக்குள் தைரியம் சொல்லும். அந்தத் தைரியம் சரிதானா என்பதை ஓர் ஊரை உதாரணமாக வைத்து இம்மாதம் பார்ப்போம்.

நீர்வீழ்ச்சியும் நெருப்பு அடுப்பும்

தென் அமெரிக்காவில் பிரேசிலும் ஆர்ஜன்டீனாவும் சந்திக்கும் எல்லையில் இருப்பது இகுவாசு நீர்வீழ்ச்சி. சுமார் 275 அருவிகள் ஒன்று சேர்ந்து கொட்டும் அல்லாஹ்வின் அற்புதப் படைப்பு அது. பிரேசில் பக்கத்தில் ஃபோஸ் டு இகுவாசு என்ற நகரமும், ஆர்ஜன்டீனாப் பக்கத்தில் புவேர்ட்டோ இகுவாசு என்ற சிறிய ஊரும் இருக்கின்றன. இரண்டும் உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் ஊர்கள். பகலில் நீர்வீழ்ச்சியைப் பார்த்து நனைந்து வருபவர்கள், இரவில் ஸ்டேக் கடைகளில்தான் கூடுவார்கள்.

பிரேசில்காரர்கள் இக்கடையை ‘ஷுராஸ்கரியா’ என்பார்கள். தெற்கே புல்வெளிகளில் மாடு மேய்த்தவர்கள் இறைச்சியைக் கம்பியில் கோத்து, கல்லுப்புத் தடவி, தணலில் சுட்டுச் சாப்பிட்ட பழக்கத்திலிருந்து வந்தது இது. இக்கடைகள் பலவற்றில் ‘ரொடீசியோ’ என்றொரு முறை இருக்கிறது. ஆளுக்கு ஒரு விலை. விரும்பிய அளவு சாப்பிடலாம். பணியாளர்கள் நீண்ட கம்பிகளில் இறைச்சியைக் கொண்டு வந்து உங்கள் பீங்கானிலேயே வெட்டிப் போடுவார்கள். அநேக கடைகளில் மேசையில் ஒரு வட்ட அட்டை இருக்கும். பச்சைப் பக்கத்தைக் காட்டினால் இறைச்சி வந்துகொண்டே இருக்கும்; சிவப்புப் பக்கத்தைத் திருப்பினால் நிறுத்துவார்கள்.

கொழுப்போடு சேர்ந்த ‘பிக்கான்யா’ என்ற பின்தொடை மேற்பகுதி, விலா எலும்பு, கோழி ஈரல் போலச் சிறிதாக இருக்கும் கோழி இருதயம் என்று ஒவ்வொன்றாக வரும். ‘குப்பிம்’ என்று ஒன்றும் வரும். அது மாட்டின் திமில்! அந்தச் சொல்லுக்குக் கறையான் என்றும் பொருள். புற்றைப் போல மேடாக இருப்பதால் வந்த பெயராம். பிரேசிலில் திமில் உள்ள மாடுகள் எப்படி என்று யோசிக்கிறீர்களா? அங்குள்ள இறைச்சி மாடுகளில் பெரும்பாலானவை ‘நெலோர்’ இனத்தைச் சேர்ந்தவை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன மாடுகளின் வம்சம் அது. கடல் கடந்தது மனிதர்கள் மாத்திரமல்ல!

ஏற்றுமதிப் பெட்டியும் நம் பீங்கானும்

இங்கேதான் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உலகிலேயே மிக அதிகமாக ஹலால் கோழி இறைச்சியை ஏற்றுமதி செய்யும் நாடு எது தெரியுமா? ஒரு முஸ்லிம் நாடு அல்ல, இதே பிரேசில்தான். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், எகிப்து போன்ற நாடுகளுக்கு அங்கிருந்து கோழியும் மாட்டிறைச்சியும் போகின்றன. 1979இல் உருவான பிரேசில் முஸ்லிம் சங்கங்களின் சம்மேளனம் உட்படப் பல நிறுவனங்கள் இதற்கு ஹலால் சான்றிதழ் வழங்குகின்றன. வங்காளதேசம், பாகிஸ்தான், ஆபிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து பிழைப்புத் தேடிப் போன முஸ்லிம் சகோதரர்கள், அங்குள்ள இறைச்சிக் கூடங்களில் நின்று பிஸ்மி சொல்லி அறுக்கிறார்கள்.

ஆனால், அந்த இறைச்சி பெட்டியில் அடைக்கப்பட்டுக் கப்பல் ஏறி விடுகிறது. அதே நாட்டில், உல்லாசப் பயணிகளின் கடையில் கம்பியில் சுற்றி வரும் இறைச்சிக்கு அந்த அறுப்பு அவசியமில்லை. நாட்டுச் சந்தைக்கான மாடு, விசைத் துப்பாக்கியால் நெற்றியில் அடித்து உணர்விழக்கச் செய்யப்பட்ட பின்னரே அறுக்கப்படுகிறது. மார்க்க முறைப்படி அறுப்பவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம் விதிவிலக்கு அளிக்கிறதே தவிர, எல்லோருக்கும் அப்படி அறுப்பதில்லை. ஆகவே, ‘பிரேசில் ஹலால் இறைச்சிக்குப் பேர் போன நாடுதானே’ என்று நினைத்துச் சாப்பிடுவது பெரிய தவறு.

இன்னும் சிலர், ‘அவர்கள் கிறிஸ்தவர்கள், வேதக்காரர்களின் உணவு ஆகுமானதுதானே’ என்பார்கள். அல்மாஇதா அத்தியாயத்தின் 5ஆவது வசனத்தில் அந்த அனுமதி இருப்பது உண்மைதான். ஆனால், அதே அத்தியாயத்தின் 3ஆவது வசனம் தானாகச் செத்ததையும் அடிபட்டுச் செத்ததையும் விலக்கியிருக்கிறது. கத்தி வைக்கும்போது மாட்டுக்கு உயிர் இருந்ததா, அறுத்தவர் யார் என்பது பீங்கானைப் பார்த்தால் தெரியாது. வேறு சிலர், இறைச்சியின் நிலை தெரியாதபோது பிஸ்மி சொல்லிச் சாப்பிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை எடுத்துக் காட்டுவார்கள். அங்கே இறைச்சியைக் கொண்டு வந்தவர்கள் புதிதாக இஸ்லாத்துக்கு வந்த மக்கள் என்பதை மறந்து விடுவார்கள். இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்தியின் வேலையல்ல. பிரயாணத்துக்கு முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள் என்பதே நாம் சொல்வது.

இறைச்சியில் மாத்திரமா?

சரி, இறைச்சியை விட்டு விட்டுச் சோறும் கறியும் சாப்பிடலாம் என்றால் அங்கும் கவனம் தேவை. சகோதரிகளே, சமையல் தெரிந்த நீங்கள் இதை இலகுவில் புரிந்து கொள்வீர்கள்.

‘ஃபெய்ஷோவாடா’ என்ற கறுப்பு அவரைக் கறி பிரேசிலின் புகழ் பெற்ற உணவு. அதில் பன்றி இறைச்சி கலந்திருக்கும். சாதாரண அவரைக் கறியிலும், கீரைச் சுண்டலிலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகளைப் போட்டுத் தாளிப்பவர்கள் உண்டு. மரவள்ளி மாவை வறுத்துச் செய்யும் ‘ஃபரோஃபா’விலும் அப்படியே. ‘லிங்குவீசா’ என்பது பெரும்பாலும் பன்றி இறைச்சிச் சொசேஜ். கோழித் துண்டைப் பன்றி இறைச்சி உறையால் சுற்றியும் சுடுவார்கள். இவையெல்லாம் மாட்டிறைச்சிக் கம்பிக்குப் பக்கத்தில், ஒரே தணலில், கொழுப்புச் சொட்டச் சொட்ட வேகின்றன. ஷாஃபி மத்ஹபில் பன்றியின் நஜீஸ் கடும் நஜீஸ் என்பது மத்ரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயமல்லவா?

பாலத்தைக் கடந்து ஆர்ஜன்டீனாப் பக்கம் போனால், ஸ்டேக் கடைக்குப் ‘பரிஷா’ என்று பெயர். அங்கே பெரிய இறைச்சித் துண்டு வருமுன் முதலில் வைப்பவை ‘சொரீசோ’வும் ‘மொர்சிஷா’வும். சொரீசோவில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். மொர்சிஷா இரத்தத்தை உறைய வைத்துச் செய்யும் சொசேஜ். இரண்டையும் தொடக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், ‘பிஃபே தெ சொரீசோ’ என்று அட்டையில் இருப்பது சொசேஜே அல்ல. அது மாட்டு முதுகுத் துண்டு! பெயரை மாத்திரம் நம்பினால் இப்படித்தான் குழம்ப வேண்டி வரும்.

இறைச்சிக்கு மேல் ஊற்றும் குழம்பில் மதுவும் சேரலாம். ‘மடேரா’ என்ற பெயரில் வரும் குழம்பு மடேரா வைனில் செய்வது. தேசிக்காய்த் துண்டும் சீனியும் ஐஸும் போட்டு, பார்ப்பதற்கு நம் வீட்டுத் தேசிக்காய்த் தண்ணீர் போலவே வரும் ‘கைப்பிரீன்யா’, கரும்புச் சாராயத்தில் கலந்த மதுபானம். தாகத்தில் இருக்கும் பிள்ளை அடுத்த மேசையைக் காட்டி அதையே கேட்டால் என்ன செய்வது? பெற்றோருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தாகத்துக்குக் கரும்புச் சாறு, ‘குவரானா’ என்ற சோடா, பழச்சாறு வகைகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

சிவப்பாக வழிவது இரத்தமா?

ஸ்டேக்கை வெட்டும்போது சிவப்பாக நீர் வழிவதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் பலர். ஹலால் இறைச்சி கிடைக்கும் ஊரிலும் இச்சந்தேகம் எழுகிறது. அறுக்கும்போது பீறிட்டு ஓடும் இரத்தமே அல்அன்ஆம் அத்தியாயத்தின் 145ஆவது வசனத்தில் விலக்கப்பட்டது. இறைச்சியில் தங்கியிருக்கும் அந்தச் சிவப்பு நீர், தசையில் உள்ள ‘மயோகுளோபின்’ என்ற புரதம் தண்ணீரோடு கலந்து வருவது. ஆகவே அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

ஆனாலும் சுகாதாரத்தைக் கவனிக்க வேண்டும். முழுத் துண்டு ஸ்டேக் உள்ளே 63 பாகை செல்சியஸ் வரை சூடாகி, இறக்கிய பின் 3 நிமிடங்கள் வைத்திருக்கப்பட வேண்டும். அரைத்த இறைச்சி என்றால் 71 பாகை வரை சூடாக வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அறிவுரை. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நன்றாக வெந்ததையே கொடுங்கள். பிரேசிலில் ‘பெங் பசாடு’ என்றும், ஆர்ஜன்டீனாவில் ‘பியென் கொசீடோ’ என்றும் சொன்னால் நன்றாக வேக வைத்துத் தருவார்கள்.

அங்கும் ஒரு பள்ளிவாசல்

அப்படியானால் அந்த ஊரில் முஸ்லிம் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டுமா? இல்லவே இல்லை. ஃபோஸ் டு இகுவாசுவில் அரபு முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். லெபனானில் 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்துக்கு முன்பும், யுத்த காலத்திலும் அங்கு போய்ச் சேர்ந்து, வியாபாரத்தால் தலைநிமிர்ந்த மக்கள் அவர்கள். 1983இல் உமர் இப்னுல் கத்தாப் (ரழி) அவர்களின் பெயரில் ஒரு பள்ளிவாசலைக் கட்டித் திறந்தார்கள். இன்று பிற மதத்து உல்லாசப் பயணிகளும் தலையை மறைத்து, பாதணியைக் கழற்றி, அதைப் பார்த்துப் போகிறார்கள்.

வெளியூர் போனால் முதலில் பள்ளிவாசலைத் தேடுங்கள் என்று நம் மூத்தவர்கள் சொன்னது எவ்வளவு பொருத்தம்! தொழுகைக்குத் தொழுகையும் ஆயிற்று; எந்தக் கடையில் ஹலால் இறைச்சி வாங்குகிறார்கள் என்பதையும் ஊர்க்காரர்களிடமே கேட்டுக் கொள்ளலாம். ஆனால், பலகையில் அரபு எழுத்து இருப்பதால் மாத்திரம் ஒரு கடை ஹலால் ஆகி விடாது. அங்கும் கேட்டே சாப்பிடுங்கள்.

ஹலால் கடை கிடைக்காவிட்டால், பரானா ஆற்று மீன் இருக்கிறது. தனிச் சட்டியில் பொரித்துத் தரச் சொல்லுங்கள். முட்டை, சோறு, பழங்கள், மரவள்ளி மாவில் செய்த சீஸ் பணியாரம் என்று எத்தனையோ உண்டு. பன்றிக்குப் பிரேசிலில் ‘போர்க்கு’ என்றும், ஆர்ஜன்டீனாவில் ‘செர்டோ’ என்றும் பெயர். இந்த இரண்டு சொற்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக் கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பிள்ளைகள் பார்க்கிறார்கள்

நம்மில் பலருக்கு உண்மையான தடை மொழியல்ல, வெட்கம். வெள்ளை விரிப்பு மேசை, கழுத்துப் பட்டி கட்டிய பணியாளர், சுற்றிலும் நாகரிகமான கூட்டம். ‘இதில் பன்றி சேர்ந்திருக்கிறதா?’ என்று கேட்டால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்து விடுவார்களோ என்ற கூச்சம்! சீனி வியாதிக்காரர் சீனியைப் பற்றிக் கேட்கிறார். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் இறைச்சியைப் பற்றிக் கேட்கிறார். அவர்களுக்கு இல்லாத வெட்கம், மறுமையை நம்பும் நமக்கு ஏன்? மரியாதையாக, சிரித்த முகத்தோடு கேளுங்கள். ஆனால், அவர்களின் உணவைப் பார்த்து மூக்கைப் பொத்துவதும், முகம் சுளிப்பதும் நம் மார்க்கம் கற்றுத் தந்த பண்பல்ல.

ஹலால் கடை கிடைத்து விட்டது என்பதற்காக, கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று மூச்சு முட்டச் சாப்பிடுவதும் அழகல்ல. வயிற்றில் மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று நீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவு, ரொடீசியோ மேசைக்கும் பொருந்தும். சிவப்பு அட்டையைத் திருப்ப நேரம் தெரிந்தவரே நல்ல விருந்தாளி.

நம் ஊரில் ஹலாலைப் பேணுவது பெரிய காரியமல்ல. கடைக்காரரும் நம்மவர், அயலவரும் நம்மவர். தெரிந்த முகம் ஒன்றுமே இல்லாத தூர தேசத்தில், தகப்பன் பணியாளரை அழைத்து ஒரு கேள்வி கேட்பதையும், திருப்தியான பதில் வராதபோது தாய் அமைதியாக எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்துக் கொள்வதையும் அந்தப் பிள்ளை பார்த்துக் கொண்டிருக்கிறது. நாளை அதே பிள்ளை படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ தனியாக ஒரு நாட்டில் போய் இருக்கும். அப்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். அன்று பார்த்தது மாத்திரம் அதன் நெஞ்சில் இருக்கும். நீர்வீழ்ச்சியின் படங்களைவிடப் பெறுமதியான பயண நினைவு அதுவல்லவா?

எங்கிருந்தாலும் ஹலாலை உண்டு, அவனுக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.