மண்டபம் வேண்டாம், மலை போதும்



கல்லூரிப் பிரிவுபசார விழாக்களின் செலவு பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். ஏ.சி. மண்டபம், டி.ஜே., ஒரே நிறப் புடவை எல்லாம் உண்மைதான். மாறாக நடப்பதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஊர்க் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் குழு, இறுதியாண்டு அண்ணன்களையும் அக்காக்களையும் பிரிவுபசாரமாகச் செஞ்சிக்கோட்டைக்கு அழைத்துப் போனது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற, மராட்டியருடன் தொடர்புடைய 12 கோட்டைகளில் தமிழகத்தில் இருப்பது இது ஒன்றுதான். அரசுப் பேருந்து, வீட்டில் கட்டிய புளியோதரை, வெயில் ஏறுமுன் கோட்டையின் ராஜகிரி மலை. செலவு முழுக்க ஜூனியர்களுடையது.

இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் கிராம முகாம்: நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழுக்கு இது போதும். முகாமில் விடியுமுன் அடுப்பு மூட்டியதும், காய்ச்சல்கண்ட தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. படிகளில் இளைப்பாறியபோது ஜூனியர்கள் அதையெல்லாம் ஆள் ஆளாகப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்களாம். மேடையில் இதற்கு நேரம் ஏது? சிறப்பு விருந்தினர் மைக்கை விட்டால்தானே!

ஒரு குறை. சில வீடுகளில் பெண்களை அனுப்ப மறுத்துவிட்டார்கள். பேராசிரியை ஒருவர் துணைக்குப் போயிருந்தால் அந்த அக்காக்களும் வந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு நிர்வாகம் இதைக் கவனிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், விழுப்புரம்