லைட் எரிந்தால் போதுமா?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் எந்த கிளினிக்கிலும், ஜவுளிக்கடையிலும், ஆடிட்டர் ஆபீஸிலும் நெட்வொர்க் ஸ்விட்ச்சைப் பற்றிக் கேளுங்கள். ஒரே பதில்தான்: "லைட் எரியுதுல்லங்க, ஓடுறதை எதுக்குத் தொடறது?" பில், ஸ்கேன் படம், கேமரா எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. அதைக் கவனிக்க மட்டும் ஆளில்லை.

மறுமுனையில் ஏதோ ஒன்று இருக்கிறது. லைட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெருக்கும்போது கழன்ற வயரை ஒருவர் காலி போர்ட்டில் சொருகுகிறார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில் இருந்தால் லூப். லூப்பைத் தடுக்கும் வசதி இல்லாத பெட்டியென்றால், ஒரே தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த ஆபீஸும் நின்றுவிடும். அப்போதுதான் எல்லா லைட்டும் தீபாவளி சீரியல் செட் மாதிரி மின்னும்!

ஜிகாபிட் வேகத்துக்கு கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். கிரிம்பிங்கில் ஒன்று விட்டுப்போனால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். லைட் எரியும், நாம் இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். கருவிகளின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்ட்டின் வேகத்தையும் பிழைக் கணக்கையும் வாங்கிப் பார்த்தால் எந்த வயர் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

"நம்ம சின்னக் கடைக்கு எதுக்குங்க" என்பார்கள். ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, கணினிக் கருவிகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. ஸ்விட்ச்சோ பதிவுகளைப் பெரும்பாலும் தன் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கரன்ட் போனால் அதுவும் போச்சு. நேரம் செட் செய்யாத பழைய சிஸ்கோ ஸ்விட்ச் பல, மீண்டும் எழும்போது தேதியை 1993 மார்ச் 1 என்று காட்டும். அந்தத் தேதியோடு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? பதிவை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சிஸ்லாக்கும், நேரத்தைச் சரியாக வைக்கும் என்டிபியும் சில வரிக் கட்டளைகள்தான்.

அரைகுறையாகச் செய்வது அதைவிட மோசம். எஸ்என்எம்பியை ஆன் செய்துவிட்டு, கடவுச்சொல்லாக 'பப்ளிக்' என்பதையே விட்டுவைப்பவர்கள் ஏராளம். 2021-ல் ஏபிடி28 என்ற ரஷ்ய உளவுக் குழு இப்படிப்பட்ட பலவீனமான சொற்களை வைத்தே உலகெங்கும் சிஸ்கோ ரவுட்டர்களை எட்டியது என்று பிரிட்டனும் அமெரிக்காவும் 2023 ஏப்ரலில் அறிவித்தன. அதில் பயன்பட்ட ஒரு ஓட்டைக்கு சிஸ்கோ 2017-லேயே திருத்தம் கொடுத்திருந்தது. ஓடுகிறதே என்று தொடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்பில் குறியாக்கம் உண்டு. அதையே வைக்க வேண்டும். ஸ்விட்ச்சை நிர்வகிக்க விலான் என்ற தனிப் பிரிவைப் போட்டு, மற்ற பிரிவுகளிலிருந்து அதற்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டால், வாடிக்கையாளரின் வைஃபையிலிருந்து அதைத் தொடுவது கடினம்.

செலவைக் காரணம் காட்டுபவர்களுக்கு: லிப்ரெஎன்எம்எஸ், சாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். பத்திருபது போர்ட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றே தாராளம். ஆனால் நிர்வகிக்க முடியாத மலிவு ஸ்விட்ச்சை வாங்கி வைத்திருந்தால் இவை எதுவும் நடக்காது. அங்கே மிச்சம் பிடித்த காசைத்தான் சர்வீஸ்காரருக்கு அழுதுகொண்டிருக்கிறோம்.