கனவும் கற்பலகையும்

நம்மிடையே ஒரு மேதை பிறந்துவிட்டால், அவனுக்கு நாம் செய்ய வேண்டியதைக் கடவுள் தலையில் கட்டிவிட்டுக் கைகூப்பி நிற்பது நமக்குக் கைவந்த கலை. கணித மேதை ராமானுஜன் விஷயத்தில் அந்தக் கலை உச்சத்தையே எட்டிவிட்டது.

சென்ற மாதம் கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில், அவர் வளர்ந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். சின்ன ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த திண்ணை. ஜன்னலோரம் ஒரு கட்டில். 2003-ஆம் ஆண்டு முதல் சாஸ்திரா பல்கலைக்கழகம் அதைப் பராமரித்து வருகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. பார்க்க வந்தவர்களின் பேச்சில்தான் குறை.

"நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்" என்றார் ஒரு தகப்பனார்.

"எனக்கு ஏன் அப்பா வரமாட்டேன் என்கிறாள்?" என்றான் பையன்.

தகப்பனாரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது.

1903-இல் கார் என்ற ஆங்கிலேயரின் சூத்திரத் தொகுப்பு ராமானுஜன் கைக்கு வந்தது. அந்தச் சூத்திரங்களைத் தாமே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தார். காகிதம் கட்டுபடியாகவில்லை, கற்பலகையில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தார். முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். மற்றப் பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளம் போயிற்று, எஃப்.ஏ. பரீட்சையும் கைகூடவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார்.

"தாயாரின் அருள் என்று அவரே சொன்னாரே?" என்பீர்கள். சொன்னார். அந்தப் பக்தியைப் பறிக்க நான் யார்? ஆனால், அவர் சொன்னால் அது அடக்கம். நாம் சொன்னால் தப்பித்துக்கொள்ளும் வழி. கனவுக்குச் செலவில்லை, காகிதத்துக்கு உண்டு பாருங்கள்!

1920-இல், 32 வயதில், அவர் மறைந்தார். மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்தார்; 1994 வரை வாழ்ந்தார். அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க எந்தத் தெய்வமும் கனவில் வரவில்லை. அந்த வேலை நம்முடையதாக இருந்தது.

அந்த வீட்டுக்குக் குழந்தைகளை அவசியம் அழைத்துப் போங்கள். கனவுக் கதையைச் சொல்லுங்கள். கற்பலகைக் கதையை அதற்கு முன்னால் சொல்லுங்கள். உங்கள் தெருவிலேயே கணக்கில் சூரனாகவும் மற்றதில் சுழியாகவும் ஒரு பையன் திட்டு வாங்கிக்கொண்டிருந்தால், திரும்பும் வழியில் அவனுக்கு ஒரு கட்டுக் காகிதம் வாங்கி வாருங்கள்.