வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?



மெல்போர்னிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் ஒரு கிரேஹவுண்ட். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற பிறகு தத்தெடுத்த நாய். இப்போது 10 வயது. தாவி சோபாவில் ஏறிப் படுப்பது அதன் வழக்கம். இப்போதெல்லாம் சோபாவுக்கு முன்னால் வந்து நிற்கிறதாம், ஏறுவதில்லையாம். காரில் ஏறவும் மறுக்கிறது. டாக்டர் முதுகுவலி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "தினமும் கொடுத்தா கிட்னி போயிடும்னு வீட்டுல எல்லாரும் பயப்படறாங்க. வயசாயிடுச்சுன்னு விட்டுடலாமா?" என்று கேட்கிறார்.

விடக் கூடாது என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது மெல்போர்ன் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. விருதுநகர்ப் பக்கம் சிப்பிப்பாறை வளர்ப்பவருக்கும், தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வந்து 12 வருடம் வளர்த்தவருக்கும் ஒருநாள் வீட்டு வாசலுக்கு வரப்போகிற கேள்விதான்.

முதுமை ஒரு நோய் இல்லை. நம் வீட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழும்போது "அம்மா" என்று இடுப்பைப் பிடித்தால் ஒரு எக்ஸ்ரேயாவது எடுத்துப் பார்க்கிறோம் இல்லையா? நாய் வாய்விட்டுச் சொல்லாது. அதிலும் கிரேஹவுண்ட் பொதுவாக அமைதியான நாய். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும். வலியில் படுத்திருக்கிறதா, வழக்கம்போலப் படுத்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே கஷ்டம்.

வயதான கிரேஹவுண்டுகளுக்கு அடிக்கடி வரும் தொல்லை, முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் வருவது. அங்கே எலும்பும் வட்டும் தேய்ந்து, நரம்பு போகும் பாதை குறுகிவிடும். நரம்பு நசுங்கும். எக்ஸ்ரேயில் இது தெளிவாகத் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் சரியாகப் பிடிபடும். ஆனால் ஸ்கேனுக்கு முன்பே வீட்டில் பார்க்கக்கூடியவை நிறைய உண்டு.

பின்னங்காலைத் தூக்கி நடு இரண்டு விரல்களின் நகத்தைப் பாருங்கள். நகத்தின் மேல்பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தால், நடக்கும்போது பாதத்தைத் தரையில் இழுக்கிறது என்று அர்த்தம். சிமென்ட் தரையில் நடக்கவிட்டுக் காது கொடுத்தால் 'சர்க் சர்க்' என்று உரசும் சத்தமே கேட்கும். வாலைத் தொங்கவிட்டே வைத்திருக்கிறதா? தூக்க முயன்றால் முறைக்கிறதா, கத்துகிறதா? எழும்போது முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுகிறதா? சில நாய்கள் தூங்கும்போதே படுக்கையில் மலம் கழித்துவிடும். அதைத் திட்டாதீர்கள். அங்கே நசுங்கும் நரம்புகளில்தான் அந்தக் கட்டுப்பாடும் இருக்கிறது.

இவற்றைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் பயத்தில் நாய் வலியை மறந்து நன்றாக நடக்கும். டாக்டர் எதைப் பார்ப்பார்?

இனி மாத்திரைக்கு வருவோம். நம் எல்லார் வீட்டிலும் ஒரு மருந்து டப்பா இருக்கிறது. அப்பாவின் மூட்டுவலி மாத்திரை, அம்மாவின் தலைவலி மாத்திரை எல்லாம் அதில்தான். நாய் முனகும்போது கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும். போகவே கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் குடலில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போகும். பூனைக்கோ அது உயிரையே எடுத்துவிடும்.

டைக்ளோஃபெனாக் என்றதும் பாறுக் கழுகுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. மாட்டுக்குப் போட்ட அந்த வலி ஊசி, மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, இந்தியாவில் அந்த இனத்தையே துடைத்தெடுக்கப் பார்த்தது. 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. ஓர் உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னோர் உயிருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

டைக்ளோஃபெனாக்குக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட மெலாக்சிகாமை நாய்களுக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். பெயர் ஒன்றுதானே என்று மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கான மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். தொடர்ந்து கொடுக்கும்போது நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் வழக்கமான தினசரி அளவு. 10 கிலோ நாய்க்கு ஒரு மில்லிகிராம். மனிதருக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கிட்னி பயம் நியாயமானதுதான். அதற்கு மாத்திரையை நிறுத்துவது வழியில்லை, கண்காணிப்பதுதான் வழி. ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. ஒரு துண்டு இட்லியில் பொதிந்து, மீதிச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை வெறுத்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நன்றாக நடக்கிறதே என்று இரண்டு நாள் விடுவது, முனகினால் இரண்டாகக் கொடுப்பது, இந்த இரண்டுமே வேண்டாம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் சில நாள் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கிடைக்கும் மனிதருக்கான கபாபென்டின் திரவ மருந்து சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கும். அது நாய்க்கு விஷம்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு டாக்டரிடம் குணமாகவில்லை என்றால் இன்னொருவரிடம் போவோம், முதல் டாக்டர் என்ன கொடுத்தார் என்று மட்டும் சொல்ல மாட்டோம். அவர் வருத்தப்படுவாரோ, இவர் கோபிப்பாரோ என்ற தயக்கம். நாய் விஷயத்தில் இது உயிருக்கே ஆபத்து. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் வகை வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் குடல் ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற இடையில் சில நாள் இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

கிரேஹவுண்டுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. அதன் ரத்த அளவுகளே வேறு. சிவப்பணு அதிகம், பிளேட்லெட் குறைவு, தைராய்டு குறைவு. கிரியேட்டினின் மற்ற நாய்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் 'அதிகம்', 'குறைவு' என்று குறி போட்டு வந்தால் அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாய் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை பரிசோதித்து அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வரும் ரிப்போர்ட்டை அதோடுதான் ஒப்பிட வேண்டும். மயக்க மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். தயோபென்டோன் போன்ற மருந்துகளை உடைக்கும் வேகம் இதன் கல்லீரலில் குறைவு, உடம்பில் கொழுப்பும் குறைவு. அதனால் மயக்கம் தெளிய வெகுநேரம் ஆகும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களும் டாக்டரிடம் இனத்தின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். அவையும் பார்வையால் வேட்டையாடும் ஒல்லி உடம்பு நாய்கள்தான்.

நொண்டலெல்லாம் முதுகால் வருவதுமில்லை. கிரேஹவுண்டின் பாதத்தில் கால் ஆணி வரும். புல்லில் நன்றாக நடந்து, ரோட்டில் நொண்டினால் முதலில் பாதத்தைப் பாருங்கள். இன்னொன்றைச் சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எலும்புப் புற்றுநோய் இந்த இனத்தில் அதிகம். ஒரே காலில் நொண்டல் தொடர்ந்தாலோ வீக்கம் தெரிந்தாலோ, மாத்திரையால் வலியை மூடிவைக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் வீட்டுத் தரையை ஒருமுறை பாருங்கள். பளபள டைல்ஸ். அதில் பின்னங்கால் வழுக்காமல் நிற்க, முதுகு வலிக்கும் நாய் ஒவ்வொரு நிமிடமும் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை வழுக்காத மேட் போட்டாலே பாதிக் கஷ்டம் குறையும். நகத்தை வெட்டிவிடுங்கள். கொழுப்பில்லாத உடம்பு என்பதால் வெறுந்தரையில் முழங்கை புண்ணாகிவிடும், தடித்த மெத்தை வேண்டும். கழுத்துப்பட்டைக்குப் பதில் உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ். காரில் ஏறச் சாய்வுப் பலகை. ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடத்துவதைவிடப் பத்துப் பத்து நிமிடமாக நாலு தடவை நடத்துவது நல்லது. எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் மருந்துதான்.

செலவு பற்றிய கவலை எல்லா வீட்டிலும் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை. அனுபவமுள்ள டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்டங்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. போகும்போது வீடியோவோடு, பழைய ரிப்போர்ட்டுகளையும் இதுவரை கொடுத்த எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஞாபகமில்லாவிட்டாலும் அட்டையைப் பார்த்து டாக்டர் புரிந்துகொள்வார்.

அன்புடன்,
ஆசிரியர்